ஓய்வுக்குப் பிறகு புது வேலை: சேரும் முன்பே தூக்கம் போய்விட்டால்

வணக்கம் சார். உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 61 வயது. தபால் துறையில் 38 வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள், கடைசி சில வருடங்கள் சப் போஸ்ட்மாஸ்டர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. பென்ஷன் வருகிறது, ஆனால் வீட்டுக் கடன் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவும் பிடிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் ஃபீஸ் வசூல், கணக்கு பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். இன்னும் 10 நாள் இருக்கும்போதே ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, காலையில் வயிற்றைக் கலக்குகிறது. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை மூன்று நாள் போட்டுப் பார்த்தீர்கள். இந்த வயதில் இது சகஜமா, பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வேலையைப் பற்றி ஒரு வரி, சம்பளத்தைப் பற்றி ஒரு வரி. உங்கள் மேலாளராக இருக்கப் போகிற 29 வயதுப் பெண்ணைப் பற்றி நான்கு வரி. "என் மகளை விடச் சின்னவள்" என்று இரண்டு இடத்தில் வருகிறது. ஆகவே உங்கள் உண்மையான கேள்வி இது என்று நினைக்கிறேன்: 38 வருடம் எல்லாரும் என்னிடம் வந்து கேட்டார்கள், இனி நான் போய்க் கேட்க வேண்டும், அதை எல்லாரும் பார்ப்பார்கள், அது என்னால் தாங்க முடியுமா? இதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன். தாங்க முடியும் என்று நம்புகிறேன். ஆனால் அதற்கு முன் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

நான் மருத்துவ உளவியலாளர். மனநலப் பிரிவில் 27 வருடம் ஆகிறது. மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிச் சொல்வதை எல்லாம் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன். அறுபதைத் தாண்டி முதன்முதலாகப் படபடப்பு வருகிறது என்றால் அதை உடனே "டென்ஷன்" என்று பெயர் வைத்து மூடிவிடக் கூடாது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இப்படித்தான் இருக்கும். ரத்தசோகை, இதயத் துடிப்பில் கோளாறு, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் எல்லாமே இதே மாதிரி படபடப்பைத் தரும். ஒரு ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. இவற்றை ஒரே காலையில் பார்த்துவிடலாம். நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல், மயக்கம் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், எந்த மாத்திரை என்று சொல்லவில்லை. இதை ஏன் கேட்கிறேன் என்றால், சில வருடம் முன்பு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்து இரண்டு வாரம். தினமும் பன்னிரண்டரை மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, போர்டில் எழுத முடியவில்லை, பிள்ளைகள் முன்னால் அவமானமாக இருக்கிறது, வேலையை விடப் போகிறேன் என்றார். நானும் முதலில் பயம் என்றுதான் நினைத்தேன். பேசிக்கொண்டே போகும்போது சாப்பாட்டு நேரம் தெரிய வந்தது. வீட்டில் இருந்தவரை பகல் சாப்பாடு பன்னிரண்டு மணி, புது இடத்தில் இரண்டரை. காலை எட்டு மணிக்குப் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் மாறவில்லை. மறுநாள் நடுக்கம் வந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னேன், 58 இருந்தது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். டாக்டர் மாத்திரையைச் சரிசெய்தார், பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல் சேர்த்துக்கொண்டார், நடுக்கம் நின்றது. எல்லாருக்கும் இப்படி எளிதாக முடியாது. ஆனால் புது வேலை என்றால் சாப்பாட்டு நேரம் மாறும், அது மாறினால் மாத்திரையோடு மோதும் என்பதை நம் ஊரில் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பள்ளியில் பகல் இடைவேளை எத்தனை மணிக்கு என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்த அரை மாத்திரை. அட்டையில் அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனால் இந்த வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும், வயதானவர்களுக்கு ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழும் ஆபத்தைக் கூட்டும். உங்கள் நிலைமையில் இன்னொன்றும் முக்கியம்: புதிதாகக் கற்பது மனதில் பதிவதை இவை கெடுக்கும். புது மென்பொருள் படிக்கப் போகிற வாரத்தில் அதைப் போட்டுக்கொள்வது உங்களுக்கு நீங்களே குழி வெட்டுவது. மூன்று நாள் பாதி பாதியாகப் போட்டதை நிறுத்துவதால் பொதுவாக ஒன்றும் ஆகாது. இதைப் படிக்கும் வேறு யாராவது வாரக்கணக்கில் தினமும் போட்டு வந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்புறம் காபி. காபியில் இருக்கும் காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி, பத்து மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம்.

சரி, உடம்பில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இது பதற்றம். பதற்றத்தைப் பற்றி எங்கள் துறையில் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது ஒன்று: தவிர்த்தால் வளரும். இன்றைக்கு நீங்கள் போன் செய்து "வரவில்லை" என்று சொன்னால் அந்த நிமிடமே நெஞ்சு லேசாகும், அன்று ராத்திரி நன்றாகத் தூக்கமும் வரும். அந்த நிம்மதிதான் சிக்கல். "ஓடினால் பிழைத்தோம்" என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். அடுத்தது பேங்குக்குப் போவது, கல்யாண வீட்டில் நாலு பேரைப் பார்ப்பது என்று அதே பாடம் பரவுவதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். பயம் முழுவதும் போன பிறகு சேரலாம் என்று காத்திருப்பதும் நடக்காத காரியம். பயம் போவதே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நினைத்த விபரீதம் நடக்கவில்லை என்று நாள் நாளாகப் பார்ப்பதால்தான்.

"இந்த வயதில் கம்ப்யூட்டர் ஏறாது" என்று எழுதியிருந்தீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வயது ஏற ஏற வேகம் குறையும். திரையில் எந்தப் பட்டன் எங்கே என்று கண்டுபிடிப்பது, ஒருவர் மளமளவென்று காட்டுவதைப் பிடித்துக்கொள்வது, இரண்டும் 25 வயதுக்காரருக்கு இருப்பது போல இருக்காது. ஆனால் வேகம் வேறு, திறமை வேறு. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956-ல் ஒரு ஆய்வு தொடங்கினார். அதே மனிதர்களை ஏழு வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். வேகம் சீக்கிரமே இறங்கத் தொடங்குகிறது, மொழியறிவும் யோசித்து விடை காணும் திறனும் பெரும்பாலோருக்கு அறுபதுகள் வரை நன்றாகவே நிற்கின்றன. அதே ஆய்விலிருந்து 64 வயதைத் தாண்டியவர்களை எடுத்து ஐந்து மணி நேரம் மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், 1986-ல் முடிவு வந்தது: ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் முன்னேறியிருந்தார்கள். டைப்பிஸ்ட்டுகளை வைத்து 1984-ல் திமத்தி சால்ட்ஹவுஸ் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். 19 வயது முதல் 72 வயது வரையுள்ள டைப்பிஸ்ட்டுகள். வயதானவர்களின் விரல் வேகம் குறைவுதான், ஆனாலும் இளையவர்களுக்குச் சமமாக அடித்தார்கள். அடிக்கும் எழுத்தை விட இன்னும் கொஞ்சம் முன்னால் இருக்கும் எழுத்துகளைக் கண் படித்துக்கொண்டே போனதுதான் காரணம். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்த உங்களுக்கு இது நான் சொல்லாமலே புரியும். அந்த டைப்பிஸ்ட்டுகள் பழகிய வேலையைச் செய்தவர்கள், முற்றிலும் புது வேலைக்கு அப்படியே இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் காசு எண்ணுவது, ரசீது போடுவது, நாள் முடிவில் கணக்கை நேர் செய்வது உங்களுக்குப் புதிதா என்ன?

உங்கள் பழைய வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் சேர்ந்தீர்கள். பிறகு மேகதூத் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் வந்தது, சேமிப்புக் கணக்குக்கு சஞ்சய் போஸ்ட் வந்தது, அதையும் தூக்கிவிட்டு ஃபினாக்கிள் என்ற வங்கி மென்பொருள் வந்தது. ஃபினாக்கிளுக்கு மாறும்போது உங்களுக்கு ஐம்பது வயது இருந்திருக்கும். கவுண்டருக்கு வெளியே ஆர்.டி. கட்ட வந்த கூட்டம், உள்ளே சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நெருக்கடியில் கற்றீர்கள். ஒரு பள்ளியின் ஃபீஸ் மென்பொருள் ஃபினாக்கிளை விடக் கஷ்டமாக இருக்காது. அன்றைக்குத் தடுமாறினாலும் யாரும் உங்களை "வயசாயிடுச்சு" என்று நினைக்கவில்லை, ஏனென்றால் ஆபீஸே சேர்ந்து தடுமாறியது. இப்போது நீங்கள் மட்டும் தனியாகத் தடுமாற வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், வலிப்பதும் அங்கேதான்.

இந்த வலி தமிழில் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். நம் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் யார் பெரியவர் என்பது தெரிந்துவிடுகிறது. "கொடும்மா" என்பதா, "கொடுங்க மேடம்" என்பதா? முப்பது வயதுப் பெண்ணிடம் உங்கள் நாக்கு இத்தனை காலம் "ம்மா" என்றுதான் பழகியிருக்கும். அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சின்ன முள் குத்தும். என் யோசனை: முதல் நாளிலிருந்தே "மேடம்", "நீங்க". இது தாழ்ந்து போவது ஆகாது, அந்த நாற்காலிக்குக் கொடுக்கும் மரியாதை. பிறகு அவரே "அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க சார்" என்றால் தளர்த்திக்கொள்ளலாம். முதலில் "ம்மா" என்று தொடங்கிவிட்டுப் பிறகு இறுக்குவதுதான் கஷ்டம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இளம் மேலாளர்கள் பலர் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அப்பா வயதுள்ளவரிடம் "இது தப்பு" என்று எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கும் தூக்கம் கெடுகிறது. சொல்லாமலே விட்டு, மனதுக்குள் எரிச்சல் சேர்ந்து, ஒருநாள் வெடித்துவிடுகிறது. அதனால் முதல் நாளே நீங்கள் முந்திக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "நான் தப்பு பண்ணினா அன்னிக்கே சொல்லிடுங்க மேடம், வருத்தப்பட மாட்டேன்." இது ஒன்றைச் சொன்னதாலேயே முதல் மாதம் சுலபமாகப் போனது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதே முதல் மாதத்தில் "எங்க போஸ்ட் ஆபீஸ்ல இப்படித்தான் பண்ணுவோம்" என்ற வாக்கியத்தை மட்டும் பூட்டி வையுங்கள். உங்கள் அனுபவத்தை அவர்களே கேட்கும் நாள் வரும், பெரும்பாலும் முதல் ஆடிட் சமயத்தில்.

ராத்திரி இரண்டு மணி விழிப்புக்கு ஒரு வழி இருக்கிறது. 1983-ல் தாமஸ் போர்க்கோவெக் குழுவினர் சோதித்துப் பார்த்தது, நானும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பது. கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரு அரை மணி நேரம், ஒரே இடத்தில். மாலை ஆறு மணி, திண்ணையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஆறு மணிக்கு" என்று ஒரு வரி குறித்துவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். ஆறு மணிக்கு அந்தக் குறிப்பை எடுத்துத் தபால் பிரிப்பது போலப் பிரியுங்கள். முகவரி உள்ளவை தனி: "ஃபீஸ் மென்பொருள் தெரியாது", "பஸ் எட்டேகாலுக்கு வருமா". இவற்றை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியும், ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யும் ஒரு காரியம் எழுதலாம். முகவரி இல்லாதவை தனி: "என்ன நினைப்பார்களோ", "அசிங்கமாகிவிடுமோ". இவற்றைப் பட்டுவாடா செய்யவே முடியாது. படித்துப் பார்த்து, முகவரி இல்லை என்று குறித்து ஓரமாக வைத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் சரிப்பட்டு வராது, ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். இரண்டு மணிக்கு விழித்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையிலேயே புரளாதீர்கள். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள்.

மூச்சுப் பயிற்சி பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும், அது உறுதி. அது மட்டுமே பதற்றத்தைத் தீர்க்கும் என்பது உறுதி இல்லை. இப்போதிருந்தே தினம் இருவேளை பழகினால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். பயத்தை "ஆர்வம்" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டால் நல்லது என்று 2014-ல் வந்த ஒரு ஆய்வை இணையத்தில் நிறையப் பகிர்கிறார்கள். அது மேடையில் பாடுவது, பேசுவது போன்ற சில நிமிடக் காரியங்களை வைத்துச் செய்தது. 10 நாள் நீளும் கவலைக்கு அது உதவும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

இதை எல்லாம் விட அதிகம் உதவுவது முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருவது. சேருவதற்கு இரண்டு நாள் முன்பு, வேலை நேரத்துக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, அதே பஸ்ஸில் போய் இறங்குங்கள். உள்ளே போய் "திங்கட்கிழமை சேரப் போறேன், இடம் பார்த்துட்டுப் போக வந்தேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எந்த மேசை, எந்த கம்ப்யூட்டர், தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று பாருங்கள். கழிப்பறையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இந்த வயதில் பிராஸ்டேட், நீர் பிரியும் பிரஷர் மாத்திரை, கூடவே பதற்றம் என்றால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். புது இடத்தில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் தலைவலியோடு வீட்டுக்கு வந்த ஆண்களை எனக்குத் தெரியும். வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயதானால் தோல் உலர்ந்து ரேகை தேய்ந்துவிடுவதால் மெஷின் பல நேரம் எடுக்காது. மூன்று முறை விரலை வைத்து, பின்னால் நாலு டீச்சர்கள் காத்திருக்கும்போது முகம் சிவந்து போய், "முதல் காரியமே ஒழுங்காக வரவில்லை" என்ற எண்ணத்தோடு அந்த நாளைத் தொடங்கியதாக ஒருவர் சொன்னார். பதிவு செய்யும்போதே இரண்டு மூன்று விரல்களைக் கொடுத்துவிடுங்கள். வைப்பதற்கு முன் விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டாலும் எடுக்கும்.

மென்பொருளைக் கற்றுக்கொள்ளும்போது மௌஸ் உங்கள் கையில் இருக்கட்டும். சொல்லித் தருபவர் தானே பட்பட்டென்று அழுத்திக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா சார்?" என்பார். நாமும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவோம். "நான் அழுத்துறேன், நீங்க சொல்லுங்க தம்பி" என்று கேளுங்கள். ஒவ்வொரு அழுத்தலையும் ஒரு குயர் நோட்டில் உங்கள் கையெழுத்தில் வரிசையாக எழுதுங்கள், போனில் வீடியோ எடுத்துக்கொள்வதை விட இது மனதில் நிற்கும். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதில் தப்பில்லை, மூன்றாம் முறை கேட்கும் முன் நோட்டைப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை, பணம் கையாண்டவர்கள் எல்லாருக்கும். பயத்தில் ஒரு ரசீதை ஐந்து முறை சரிபார்க்கத் தோன்றும். ஒருமுறை கவனமாகப் பாருங்கள், முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பது பயத்துக்குப் போடும் தீனி.

ஓய்வுக்குப் பிறகு வேலை பார்ப்பது உடம்புக்கு நல்லது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு தெளிவாக அதை நிரூபிக்க முடியவில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் வேலைக்குப் போகிறார்கள், அதனால் எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே ஆரோக்கியத்துக்காகப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது, அது உங்கள் கேள்வியில் தெரிகிறது. போகவே பிடிக்கவில்லை என்றால் அனுமதி கேட்டு எழுதியிருக்க மாட்டீர்கள், விட்டிருப்பீர்கள்.

எவ்வளவு நாள் பொறுப்பது? இதற்கு ஆய்வு எண் எதுவும் தர மாட்டேன், என் அனுபவம் மட்டும்தான். ஆறு வாரம் கொடுங்கள், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள், அதுவரை விடுவதா வேண்டாமா என்ற விசாரணையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எடுக்கும் எந்த முடிவையும் நம்பாதீர்கள். திங்கட்கிழமை இருந்த பயம் வியாழக்கிழமை கொஞ்சமாவது இறங்குகிறது என்றால் அது வெறும் பயம், போய்விடும். வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, மரியாதை இல்லாமல் நடத்துகிறார்கள், சொன்ன சம்பளம் வரவில்லை என்றால் கோளாறு வேலையில் இருக்கிறது. அப்போது விடுவது தோல்வி ஆகாது.

சிலவற்றுக்கு மட்டும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. எதிலும் நாட்டம் இல்லை, எடை குறைகிறது, தூங்குவதற்காகக் குடிக்கத் தோன்றுகிறது, உயிரோடு இருப்பதே சுமை என்ற எண்ணம் வருகிறது என்றால் உடனே பாருங்கள். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் பதற்றத்தின் முகத்தோடுதான் வரும். புது மென்பொருள் மறப்பது பெரிய விஷயம் இல்லை. தினம் போகும் தெருவில் வழி தடுமாறுவது, நன்றாகத் தெரிந்த கணக்கு வராமல் போவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாங்கள் ஜிஏடி-7 என்று ஏழு கேள்வி கொண்ட ஒரு தாளைப் பயன்படுத்துவோம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் முழுதாகப் பரிசோதிக்கச் சொல்வோம். நோய் இருக்கிறது என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்டுவதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. போனில் பேச வேண்டும் என்றால் டெலி மானஸ், எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உங்களை நான் நேரில் பார்க்கவில்லை, ஈசிஜியும் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய இருபது வரியை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அதனால் முதல் வேலையாக நாளைக் காலை வெறும் வயிற்றில் லேபுக்குப் போய் ரத்தம் கொடுங்கள். திரும்பி வரும் வழியில் ஒரு குயர் நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.